சோச்சோ மொழி: பெயர், எண்ணிக்கை, தொனி. விக்கிக் கட்டுரைக்கு உதவி தேவை

அகரத்தேடல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மெக்சிகோவின் வாஹாக்கா மாநிலத்தில், மிஸ்தேக்கா மேட்டுநிலத்தில் பேசப்படும் சோச்சோ மொழிக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை ஒன்று தயாராகிறது. இப்போது இருக்கும் வரைவு இவ்வளவுதான்:

"சோச்சோ, ஓட்டோமாங்கே குடும்பத்தைச் சேர்ந்த மொழி. போபொலுக்கா என்றும் பெயர் உண்டு. முன்பு 770 பேர் பேசினர். 2020-இல் 847 ஆக உயர்ந்துள்ளது. 1580-இல் இம்மொழியில் முதல் நூல் அச்சானது. இப்போது ஆவணப்படுத்தப்பட்டு வருகிறது."

எல்லா வரியிலும் ஐயம் இருக்கிறது. தலைப்பாக எந்தப் பெயரை வைப்பது? அழியும் மொழி என்கிறார்கள், எண்ணிக்கையோ கூடியிருக்கிறது. இதை எப்படி எழுதுவது? இது தொனி மொழி, அதாவது சுருதி மாறினால் சொல்லின் பொருளே மாறும் மொழி; அதன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எப்படிக் காட்டுவது? 'ஆவணப்படுத்தப்பட்டு வருகிறது' என்ற ஒற்றை வரியோடு முடிக்கவும் மனமில்லை. அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே பிசகுகிறது என்று படிப்பவருக்குப் புரியும்படி ஒரு பகுதி வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஒப்பிலக்கணம் எழுதியது:

பெயரிலிருந்து தொடங்குவோம், அதில்தான் பாதிக் குழப்பமும்.

'சோச்சோ' அந்த மக்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் இல்லை. அயலார், பேச்சு விளங்காதவர் என்ற பொருளில் நாவாட்டில் (அஸ்டெக் மக்களின் மொழி) பேசியவர்கள் இட்ட பெயர். ஸ்பானியர்கள் அதை வாங்கி 'சோச்சோன்', 'சூச்சோன்' என்று ஏடுகளில் எழுதினார்கள். போதாக்குறைக்கு ஸ்பானிய மொழியில் 'சோச்சோ' என்றால் மூப்பில் புத்தி தடுமாறியவர் என்றும் பொருள். இன்று முதியவர்களே மிகுதியாகப் பேசும் ஒரு மொழிக்கு அந்தப் பெயர் எப்படிக் காதில் விழும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் அரசு ஆவணங்களில் 'சோச்சோல்தேக்கோ' என்ற வடிவம் வழங்குகிறது. பேசுகிற மக்கள் ஊருக்கு ஊர் சிறு வேறுபாட்டோடு 'ங்கிவா' என்றும் 'ங்கிபா' என்றும் சொல்கிறார்கள்.

அப்படியானால் தலைப்பே 'ங்கிவா மொழி' என்று வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். வடக்கே புவேப்லா மாநிலத்தில் போபொலோக்கா பேசுகிறவர்களும் தம் மொழியை ங்கிவா என்றே சொல்கிறார்கள். தலைப்பை அப்படி வைத்தால் இரண்டு மொழிகள் ஒரே கட்டுரைக்குள் விழுந்துவிடும். என் பரிந்துரை: தலைப்பு 'சோச்சோல்தேக் மொழி', முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் ங்கிவா, ங்கிபா, 'சோச்சோ' என்று தேடுபவருக்கு வழிமாற்று.

அடுத்து 'போபொலுக்கா'. அந்தச் சொல்லை உடனே எடுத்துவிடுங்கள். போபொலோக்கா வேறு, போபொலுக்கா வேறு. இரண்டும் ஒரே நாவாட்டில் வசைச்சொல்லின் பிள்ளைகள்தாம் (உளறுகிறவர் என்று பொருள்), ஆனால் மொழிகளுக்குள் உறவு இல்லை. வேராக்ரூஸ் மாநிலத்துப் போபொலுக்கா, மிஹே-சோக்கே குடும்பம். புவேப்லாவின் போபொலோக்காதான் சோச்சோவின் உடன்பிறப்பு. ஓர் உயிரெழுத்து மாறினால் குடும்பமே மாறிவிடுகிறது. இன்னும் இரண்டு பொறிகள்: கொலம்பியா, பனாமா பக்கத்துச் 'சோக்கோ' மொழிக்குடும்பம், கலிபோர்னியாவின் 'சோச்சேன்யோ'. தேடுபொறி மூன்றையும் கலந்துதான் கொட்டும்.

குடும்பத்தை இப்படி எழுதலாம்: ஓட்டோமாங்கே பெருங்குடும்பம், அதில் போபொலோக்கன் கிளை, அந்தக் கிளையில் நான்கு பிரிவுகள்: மசதேக், இஸ்கதேக், போபொலோக்கா, சோச்சோ. கடைசி இரண்டும் மிக நெருக்கம். மசதேக் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர் பேசும் மொழி. இஸ்கதேக், சாந்தா மரியா இஸ்கட்லான் என்ற ஒரே ஊரில் ஒடுங்கிவிட்டது. இதைச் சொல்லக் காரணம், சோச்சோ பற்றித் தகவல் கிடைக்காத இடத்தில் மசதேக் தகவலை எடுத்து நிரப்புகிற பழக்கம் இணையத்தில் இருக்கிறது. கிளைக்குப் பொதுவானது, மசதேக்குக்கு மட்டும் உரியது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

'வட்டார வழக்கு' என்ற சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். மெக்சிகோவில் 'தியாலெக்தோ' என்பது பழங்குடி மொழிகளை 'இது மொழியே இல்லை' என்று தாழ்த்தப் பயன்பட்ட சொல். தேசியப் பழங்குடி மொழிகள் நிறுவனம் (இனாலி) 2008-இல் வெளியிட்ட பட்டியல் அதைத் தவிர்த்து 11 குடும்பங்கள், 68 மொழித்தொகுதிகள், 364 வகைகள் என்று பிரிக்கிறது. சோச்சோல்தேக் ஒரு தொகுதி. அதற்குள் மேற்கு, கிழக்கு, தெற்கு என மூன்று வகைகள். தமிழில் 'வகை' என்றே எழுதுங்கள், போதும்.

ஒலிப்பு பற்றி ஒரு சொல். வாஹாக்கா என்ற பெயரில் 'ஹா'வாக ஒலிக்கும் அதே ரோமன் எழுத்து (எக்ஸ்), சோச்சோ பேசப்படும் வட்டாரமான கோயிஸ்ட்லவாக்காவின் பெயரில் 'ஸ்' ஆகிவிடும். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஓக்சகா', 'கோயிக்ஸ்ட்லஹுவாகா' என்று பெயர்க்க வேண்டாம். சோச்சோ என்பதன் முதல் எழுத்தைத் தமிழர் பலர் 'சோறு' போல வாசிப்பார்கள். அது 'அச்சு' என்பதில் வரும் வல்லின ச். அடைப்புக்குறிக்குள் ஒரு ஒலிப்புக் குறிப்பு போட்டுவிடுங்கள்.


கணக்கேடு எழுதியது:

770-ஐயும் 847-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'உயர்ந்துள்ளது' என்று எழுதவே கூடாது. இரண்டும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. 770 பழைய மொழிப் பட்டியல்களில் வழங்கிய மதிப்பீடு. 847 என்பது 2020 மெக்சிகோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்: நாடு முழுவதும், எங்கே குடியிருந்தாலும், மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் சோச்சோல்தேக் பேசுவதாகப் பதிவானவர்கள். மெக்சிகோ நகரத்துக்குப் பிழைக்கப் போய்விட்டவரும் அதில் உண்டு.

'பதிவானவர்கள்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கணக்கெடுப்பாளர் வீட்டில் ஒருவரிடம் எல்லோரைப் பற்றியும் கேட்கிறார். கேள்வி ஏறக்குறைய 'இவர் ஏதாவது தியாலெக்தோ அல்லது பழங்குடி மொழி பேசுவாரா?' என்பது. எவ்வளவு பேசுவார், யாரோடு பேசுவார் என்று கேட்பதில்லை. பிழை இரண்டு பக்கமும் விழும். சரளமாகப் பேசும் பாட்டியைப் பற்றி மருமகள் வெட்கப்பட்டு 'இல்லை' என்பார். வணக்கமும் பத்துச் சொல்லும் தெரிந்த பேரனுக்கு ஆசையோடு 'ஆமாம்' என்பார். மொழி மீட்பு முயற்சி நடக்கும் ஊர்களில் இரண்டாவது வகை கூடும். எண் ஏறும், பேச்சு ஏறாது.

இதை நம்ப இஸ்கதேக்கைப் பாருங்கள். அதே 2020 கணக்கெடுப்பில் அதற்கு 195 பேர். அங்கே களப்பணி செய்த மொழியியலாளர்கள் சரளமாகப் பேசுவோர் என்று கண்டது பத்துப் பேர் அளவில்தான். பக்கத்து மொழி, அதே கேள்வித்தாள், இருபது மடங்கு வித்தியாசம். சோச்சோவுக்கும் இதே விகிதம் என்று சொல்லவில்லை. 847 என்பதை 'சரளமாகப் பேசுவோர்' என்று மாற்றி எழுதக்கூடாது என்கிறேன்.

ஆண்டுகளை ஒப்பிடவே வேண்டுமென்றால் வயது வரம்பைப் பாருங்கள். 2000 வரை ஐந்து வயதுக்கு மேற்பட்டோரை எண்ணினார்கள். பின்னர் மூன்று வயது என்று இறங்கியது. 2015-இல் நடந்தது முழுக் கணக்கெடுப்பு அல்ல, மாதிரி ஆய்வு. சில நூறு பேர் பேசும் மொழிக்கு மாதிரி ஆய்வின் எண் எந்தப் பக்கமும் சாயும். அதை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூடப் போடாதீர்கள்.

ஊர்வாரியாகத் தேடுவதுதான் பயனுள்ள வேலை. கோயிஸ்ட்லவாக்கா மாவட்டத்தின் நகராட்சிகளை ஒவ்வொன்றாக எடுங்கள்: சாந்தா மரியா நத்திவித்தாஸ், சான் மிகேல் துலான்சிங்கோ, சான் ஹுவான் பௌதிஸ்தா கோயிஸ்ட்லவாக்கா, கொன்செப்சியோன் புவேனாவிஸ்தா. பக்கத்துத் தெபொஸ்கொலூலா மாவட்டத்தில் தெயோதொங்கோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த மொழி என்ற விவரம் நகராட்சி மட்ட அட்டவணையில் கிடைக்கும். அதற்குக் கீழே சிற்றூர் மட்டக் கோப்பில் 'பழங்குடி மொழி பேசுவோர்' என்ற மொத்தம் மட்டுமே இருக்கும், மொழிப்பெயர் இராது. அந்த மொத்தத்தை அப்படியே சோச்சோவாக எழுதினால், கல்யாணமாகி வந்த மிஸ்தேக் பெண்ணும் சோச்சோ பேசுபவராகிவிடுவார். ஒன்றிரண்டு வீடுகளே உள்ள சிற்றூர்களுக்கு எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். அது தனிமறைவுக்காக மறைத்தது, பூச்சியம் என்று கூட்டிவிடாதீர்கள்.

சில இடங்களில் 'சோச்சோல்தேக் மக்கள்' என்று ஆயிரக்கணக்கில் எண் வரும். அது பேசுவோர் எண்ணிக்கை அல்ல. குடும்பத் தலைவரோ துணைவரோ மூத்தவரோ மொழி பேசினால் அந்த வீட்டார் அனைவரையும் பழங்குடி மக்களாகக் கொள்ளும் கணக்கு முறை ஒன்று உண்டு. அதைக் கட்டுரையின் மொழித் தகவல் பெட்டியில் போடாமல், மக்கள் பற்றிய பகுதியில் விளக்கத்தோடு போடுங்கள்.

அழிவு நிலை பற்றி எழுத எண்ணைவிட வயதே முக்கியம். இனாலி 2012-இல் 364 வகைகளையும் தரம் பிரித்தபோது, பேசுவோர் தொகையோடு 5 முதல் 14 வயதுக் குழந்தைகளில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்றும் பார்த்தது. மிக உயர்ந்த ஆபத்தில் 64, உயர்ந்த ஆபத்தில் 43, நடுத்தரத்தில் 72, உடனடி ஆபத்து இல்லாதவை 185. சோச்சோல்தேக்கின் மூன்று வகைகளையும் தனித்தனியாகத் தேடி எழுதுங்கள். ஒரே அடைமொழியில் மூன்றையும் கட்டாதீர்கள்.


அகரத்தேடல் எழுதியது:

மிக்க நன்றி. 'போபொலுக்கா' நீங்கிவிட்டது, எண் திருத்தப்படுகிறது. தொனி, ஆவணப்படுத்தல் இரண்டுக்கும் காத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் கொடுத்தால் போதுமா?


செவிவழி எழுதியது:

போதாது. மெக்சிகோவில் வழங்கும் ரோமன் எழுத்து வடிவத்தை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் தமிழ் ஒலிப்பைக் கொடுங்கள். தமிழ் எழுத்து இங்கே ஓரிடத்தில் நன்றாகக் கைகொடுக்கும்: மூக்கொலியோடு தொடங்கும் ங்க, ந்த, ம்ப போன்ற ஒலிகள் நமக்குப் பழக்கம். 'ங்கிவா' என்பதை ஆங்கிலம் படித்தவர் 'நிகிவா' என்று தடுமாறுவார், தமிழர் 'அங்கி'யிலிருந்து அகரத்தை எடுத்துவிட்டுச் சரியாகச் சொல்வார். ஆனால் மூக்குயிர், குரல்வளை அடைப்பொலி, தொனி மூன்றும் நம் எழுத்தில் இல்லை.

சோச்சோவில் தொனி மூன்று: மேல், நடு, கீழ். எண்ணிட்டுக் காட்டுவது எளிது, ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மெக்சிகோ மொழிகளை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1 என்பதை மிக உயர்ந்த தொனிக்கு வைப்பார்கள். சீன, தென்கிழக்காசிய மொழிகளை எழுதுபவர்களுக்கு 5 தான் உச்சி. கட்டுரையில் எந்த முறை என்று முதலிலேயே சொல்லாவிட்டால் வாசகர் தலைகீழாகப் படிப்பார். உயிரெழுத்தின் மேல் கோடு சாய்த்துக் குறிக்கும் முறையும் உண்டு. மூலத்தில் எது இருக்கிறதோ அதை மாற்றாமல் எடுங்கள். மூலத்தில் தொனி குறிக்கப்படாமல் இருந்தால் ஊகித்துப் போடாதீர்கள், 'தொனி குறிக்கப்படவில்லை' என்று எழுதுங்கள்.

இனி ஆவணப்படுத்தல். தொனி மொழியில் தனிச்சொல்லைக் கேட்டுப் பதிவு செய்வதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. 'கை', 'நாய்', 'தண்ணீர்' என்று வரிசையாகக் கேட்டால், பேசுபவர் பட்டியல் படிக்கும் இராகத்துக்குப் போய்விடுவார்: ஒவ்வொரு சொல்லும் கடைசியில் தாழும், கடைசிச் சொல் இன்னும் தாழும். அந்தத் தாழ்வு மொழியின் தொனியா, பட்டியலின் இராகமா என்று பிறகு பிரிக்க முடியாது. அதற்குத்தான் சட்டக வாக்கியம். கென்னத் பைக் 1948-இல் மசதேக், மிஸ்தேக் மொழிகளை வைத்து விளக்கிய முறை இன்றும் அடிப்படை: மாறாத ஒரு வாக்கியத்தின் நடுவில் சொற்களை மாற்றி மாற்றிப் பொருத்துவது.

நடைமுறை இப்படி. சட்டகம் ஒன்று போதாது, மூன்று வேண்டும். ஒன்றில் முன்சொல் மேல்தொனியில் முடியட்டும், ஒன்றில் நடு, ஒன்றில் கீழ். ஆராயும் சொல் வாக்கியத்தின் நடுவிலேயே இருக்கவேண்டும், கடைசியில் வைத்தால் மறுபடியும் தாழ்வுதான். ஒவ்வொன்றையும் ஐந்து முறை சொல்லச் சொல்லி முதலையும் கடைசியையும் விட்டுவிட்டு நடு மூன்றை எடுங்கள். சுருதியை அளக்கும்போது உயிரொலியின் நடுப்பகுதியை அளக்கவேண்டும். தொடக்கத்தில் முன்னாலிருக்கும் மெய் சுருதியை ஏற்றியோ இறக்கியோ விட்டிருக்கும். பிராட் மென்பொருளில் ஆண்குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண்குரலுக்கு 100 முதல் 500 என்று எல்லை வைத்துத் தொடங்கலாம். எல்லை தவறினால் மென்பொருள் சுருதியை இரட்டித்தோ பாதியாக்கியோ காட்டும். கோடு திடீரென்று சரியாக இரு மடங்கு குதித்தால் அது தொனி அல்ல, அளவைப் பிழை. முதியவர் குரல் கரகரத்துச் சுருதிக் கோடு அறுந்து போகும் இடங்களில் மென்பொருளை விட்டுவிட்டுக் காதை நம்புங்கள்.

காது ஐயப்பட்டால் முனகச் சொல்லலாம். சொல்லைச் சொல்லாமல் வாய் மூடி 'ம்ம்' என்று அதன் மெட்டை மட்டும். இந்தக் கிளையில் இது புதிதல்ல: மசதேக் ஆண்கள் முழுப் பேச்சையும் சீழ்க்கையில் நடத்துவதை ஜார்ஜ் கோவன் 1948-இலேயே எழுதிவைத்தார். பல் போன முதியவருக்குச் சீழ்க்கை வராது, முனகல் வரும். பல் போனதன் விளைவை இன்னோர் இடத்திலும் கவனிக்கவேண்டும். ச, ஷ, ஸ வகை உரசொலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரே ஒரு முதியவரின் பதிவை வைத்து 'இந்த ஊரில் இரண்டு உரசொலிகள் ஒன்றாகிவிட்டன' என்று முடிவுகட்டிய பிறகு திருத்துவது கடினம். குறைந்தது மூன்று பேர் வேண்டும், ஆணும் பெண்ணுமாக.

கேட்கும் மொழி ஸ்பானியமாக இருப்பதால் வரும் பிழைகள் தனி. ஸ்பானியத்தில் 'நொசோத்ரொஸ்' ஒன்றுதான். நமக்கு நாம் வேறு, நாங்கள் வேறு. மசதேக்கிலும் அப்படியே வேறு வேறு. போபொலோக்கன் கிளை மொழி எதையும் ஆராயும்போது 'நொசோத்ரொஸ் போகிறோம், எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்டால், பேசுபவர் மனத்தில் எது தோன்றியதோ அந்த ஒன்று மட்டும் வரும், மற்றது ஒளிந்துகொள்ளும். 'நீங்களும் நானும் போகிறோம்', 'நீங்கள் இங்கேயே இருங்கள், நானும் என் தம்பியும் போகிறோம்' என்று சூழலைக் கட்டிக் கேட்கவேண்டும். தமிழ் பேசும் ஆய்வாளருக்கு இந்த இடம் இயல்பாகவே கண்ணில் படும் என்பது நமக்கு ஒரு வசதி.

உடலுறுப்புப் பெயரை உடையவரோடு சேர்த்தே கேளுங்கள்: என் கை, உன் கை, அவள் கை. மெசோ-அமெரிக்க மொழிகள் பலவற்றில் யாருடையதுமல்லாத வெறுங்'கை' இயல்பாக வராது. வற்புறுத்தினால் 'என் கை'யையே 'கை' என்று கொடுத்துவிடுவார்கள், அகராதியில் அது தவறாக ஏறிவிடும். எண்களை இருபது வரை கேட்டு நிறுத்திவிடாமல் 21, 40, 60 கேளுங்கள், அந்த வட்டாரத்தின் எண்முறை இருபதடி. இளையவர்கள் பத்துக்கு மேல் ஸ்பானியத்துக்குத் தாவினால் அதையும் திருத்தாமல் பதிவு செய்யுங்கள். வாக்கியங்களில், வினையை முன்னால் வைப்பது இந்தக் கிளையின் பெருவழக்கு. மொழிபெயர்க்கச் சொன்னாலோ ஸ்பானிய வரிசையில் எழுவாயே முன்னால் வந்து நிற்கும். அதனால் மொழிபெயர்ப்பில் கிடைத்த வாக்கியம், பேச்சில் கிடைத்த வாக்கியம் என்று கோப்பில் தனித்தனிக் குறி இடவேண்டும்.

பேச்சில் கிடைக்க என்ன வழி? கைவேலை. மிஸ்தேக்கா மேட்டுநிலம் மண் அரித்துப்போன வறண்ட பூமி; குருத்தோலை பின்னுவது அங்கே பழைய பிழைப்பு. உலர்ந்த காற்றில் ஓலை நொறுங்கும் என்பதால் நிலத்தில் குடைந்த குகைகளில் உட்கார்ந்து பின்னுவார்கள். உள்ளே ஈரம் நிற்கும், ஓலை வளைந்து கொடுக்கும். தொப்பி பின்னும்போது உச்சி நடுவில் தொடங்கி வட்டமாக விரித்து வருவார்கள். 'இப்போது என்ன செய்கிறீர்கள், அடுத்தது என்ன' என்று அந்தக் கையைப் பார்த்துக் கேட்டால் ஓலை கிழிப்பது, ஈரம் பார்ப்பது, இழை சேர்ப்பது, இறுக்குவது என்று வினைச்சொற்கள் தாமாக வரும். சொற்பட்டியலில் இவை வரவே வராது, ஏனென்றால் கேட்பவருக்கு ஸ்பானியத்திலேயே அந்தச் சொற்கள் தெரியாது.

அதே குகையில் ஒலிப்பதிவுக்குச் சிக்கலும் உண்டு. காற்று இரைச்சல் இல்லை, அது நல்லது. சுவர் எதிரொலிக்கும், பின்னால் பாயோ போர்வையோ தொங்கவிட்டால் குறையும். ஓலையின் சரசரப்பு உரசொலிகள் இருக்கும் அதே அதிர்வெண்ணில் விழுந்து அவற்றை விழுங்கிவிடும். மேசை ஒலிவாங்கி வேண்டாம். தலையில் மாட்டும் ஒலிவாங்கியை வாயோரத்தில், மூச்சுக்காற்று நேராகப் படாதபடி, இரண்டு விரல் தள்ளி வையுங்கள். வேலை செய்யும்போது ஒரு பதிவு, கையை நிறுத்திவிட்டுச் சொல்லும்போது ஒரு பதிவு என இரண்டு எடுங்கள். சுருக்கிய எம்பி3 கூடாது. வேவ் கோப்பு, நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 520 மெகாபைட் வரும்.

பதிவு எடுப்பது சுலபமான பாதி. எலான் மென்பொருளில் வரி வரியாக வெட்டி, எழுதி, தொனி குறித்து, ஸ்பானியத்தில் பொருள் எழுத ஒரு மணி நேரப் பதிவுக்கு ஐம்பது மணி நேரமாவது ஆகும், தொனி சேர்ந்தால் அதற்கும் மேல். அதனால்தான் எழுதப்படாத பதிவுகள் குவிகின்றன. பேசியவர் அருகில் இருக்கும்போதே எழுதி முடிப்பது நல்லது. ஐந்து ஆண்டு கழித்து ஐயம் கேட்க ஆள் இருக்கமாட்டார். எந்த ஊர், எந்த வகை, பேசியவர் பிறந்த ஆண்டு, சிறுவயதில் யாரோடு பேசினார் என்பதைக் கோப்போடு சேர்த்து எழுதவேண்டும். எதை வெளியிடலாம், எதை ஊருக்குள் மட்டும் வைக்கவேண்டும் என்ற ஒப்புதலைப் பேச்சிலேயே பதிவு செய்யவேண்டும். பிரதி மூன்று: ஒன்று ஊரில், ஒன்று ஆய்வாளரிடம், ஒன்று காப்பகத்தில். ஊர்ப் பிரதி கைப்பேசியில் கேட்கும் வடிவத்தில் இல்லாவிட்டால் ஊருக்குக் கொடுத்ததாகவே கொள்ளமுடியாது.

அச்சில் இருப்பதில் கட்டுரைக்கு உங்களுக்கு முதலில் பயன்படுவது, சாந்தா கத்தரீனா ஓகோட்லான் ஊரின் பேச்சை வைத்துக் கரோல் மோக் 1977-இல் தொகுத்தது. எல்லா ஊருக்கும் ஒரே கேள்வித் தொகுப்பைப் பயன்படுத்திய வரிசையில் வந்தது அது, ஆகவே பக்கத்து மொழிகளோடு வாக்கியத்துக்கு வாக்கியம் ஒப்பிடலாம். ஆனால் அது ஓர் ஊரின் பேச்சு. எடுத்துக்காட்டு எடுக்கும் இடத்திலெல்லாம் ஊர்ப்பெயரைப் போடுங்கள்.


பழஞ்சுவடி எழுதியது:

1580 நூலைப் பற்றி ஒரு திருத்தம். தொமினிக்கத் துறவி பர்த்தொலொமே ரொல்தான் எழுதிய கிறித்தவ வினாவிடை அது. தலைப்பில் 'சூச்சோன மொழி' என்று இருப்பதால் எல்லாரும் சோச்சோவின் முதல் நூல் என்று எழுதிவிடுகிறார்கள். தலைப்பை முழுதாகப் படித்தால் 'தெபெஹி தெ லா செதா ஊரின்' சூச்சோன மொழி என்று இருக்கும். அந்த ஊர் இன்றைய புவேப்லாவின் தெபெஹி தெ ரொத்ரீகெஸ், போபொலோக்கா வட்டாரம். அக்காலத்தில் இரு மொழிக்கும் ஒரே பெயர் வழங்கியது. ஆகவே 'சோச்சோ-போபொலோக்கா மொழியில் அச்சான பழைய நூல், தெபெஹி பேச்சை அடிப்படையாகக் கொண்டது' என்று எழுதுங்கள்.

கோயிஸ்ட்லவாக்கா வட்டாரத்துச் சோச்சோவின் உண்மையான செல்வம் கையெழுத்துகளில் இருக்கிறது. காலனிக் காலத்தில் அங்கே உயில்களும் ஊர்க்கணக்குகளும் சோச்சோவிலேயே ரோமன் எழுத்தில் எழுதப்பட்டன. மைக்கேல் ஸ்வான்டன், செபாஸ்டியான் வான் டூஸ்பர்க் இருவரும் இவற்றை ஆராய்ந்தவர்கள். இது கட்டுரையில் கட்டாயம் வரவேண்டும். 'எழுத்தில்லாத மொழி' என்ற பொய்க்கு நேரடிப் பதில் இது. நிலத்தைப் பிரித்து எழுதவும் கடன் கணக்கு வைக்கவும் பயன்பட்ட மொழி.

அவற்றைப் படிப்பதில் சிக்கல், எழுதியவர்கள் தொனியைக் குறிக்கவில்லை என்பது. இன்று பேசுபவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தால்தான் ஒரே எழுத்துக்கோவை மூன்று சொல்லில் எது என்று பிடிபடும். செவிவழி சொன்ன ஒலிப்பதிவுக்கும் இந்தச் சுவடிக்கும் தொடர்பு இங்கேதான்: பேச்சு போனால் நானூறு ஆண்டுக் காகிதமும் பாதி ஊமையாகிவிடும்.

கையெழுத்துகளோடு துணி வரைபடங்களும் உண்டு. 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் அஸ்டெக் அரசர் முதலாம் மொக்தெசுமாவிடம் வீழ்வதற்கு முன் கோயிஸ்ட்லவாக்கா பெரிய வணிக அரசு. அதன் அரச மரபையும் எல்லைகளையும் 16-ஆம் நூற்றாண்டில் பெருந்துணிகளில் தீட்டி வைத்தார்கள். இன்று ஒன்று பெர்லினில், ஒன்று டொராண்டோவில், ஒன்று புரூக்ளின் அருங்காட்சியகத்தில். படங்களின் மேல் எழுதப்பட்ட குறிப்புகள் பலவும் நாவாட்டிலில் இருப்பதால், இவற்றைச் 'சோச்சோ மொழிச் சுவடிகள்' என்று எழுதாமல் 'சோச்சோ வட்டாரத்துத் துணி வரைபடங்கள்' என்று எழுதினால் பிழை வராது.


அகரத்தேடல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முதல் பத்தி இப்போது இப்படி:

"சோச்சோல்தேக், பேசுவோர் வழக்கில் ங்கிவா அல்லது ங்கிபா, மெக்சிகோவின் வாஹாக்கா மாநிலத்தில் கோயிஸ்ட்லவாக்கா வட்டாரத்தில் பேசப்படும் மொழி. ஓட்டோமாங்கே குடும்பத்தின் போபொலோக்கன் கிளையைச் சேர்ந்தது. புவேப்லாவின் போபொலோக்கா இதற்கு மிக நெருங்கிய மொழி. மூன்று தொனிகள் உண்டு. 2020 கணக்கெடுப்பில் மூன்று வயதுக்கு மேற்பட்ட 847 பேர் இதைத் தாய்மொழியாகப் பேசுவதாகப் பதிவாகியுள்ளது. காலனிக் காலத்தில் உயில்களும் கணக்குகளும் இம்மொழியில் எழுதப்பட்டன."

ஏதாவது விடுபட்டிருக்கிறதா?


கணக்கேடு எழுதியது:

'தாய்மொழியாக' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். கணக்கெடுப்பு பேசுவாரா என்றுதான் கேட்டது. எப்போது, யாரிடம் கற்றார் என்று கேட்கவில்லை. 'மூன்று வயதுக்கு மேற்பட்ட' என்பதை 'மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ள' என்று ஆக்குங்கள். எண்ணுக்குப் பின்னால் 'நாடு முழுவதும்' என்று ஒரு சொல் சேருங்கள், இல்லையென்றால் 847 பேரும் கோயிஸ்ட்லவாக்காவில் இருக்கிறார்கள் என்று படித்துவிடுவார்கள்.


ஒப்பிலக்கணம் எழுதியது:

'மூன்று தொனிகள்' என்ற வரிக்குப் பக்கத்தில் மேல், நடு, கீழ் என்று எழுதிவிடுங்கள். மூன்று வகைகள் இருப்பதையும் இதே பத்தியில் சொல்லுங்கள். கீழே தள்ளினால், ஓகோட்லான் ஊரின் எடுத்துக்காட்டுகளை எல்லா வகைக்கும் பொது என்று எடுத்துக்கொள்வார்கள். பேச்சுப் பக்கத்தில் பெயர் தேர்வுக்கான காரணத்தையும் இட்டு வையுங்கள். நாளைக்கு யாராவது வந்து 'ங்கிவா' என்று நகர்த்தினால் போபொலோக்கா கட்டுரையோடு மோதும்.